மறதிக்குக் காரணம் தேடிய டாக்டர்

ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு டாக்டரின் வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயர் இன்று உலகம் முழுவதும் தெரியும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. வியாதியின் பெயராகவே அது நிலைத்துவிட்டது. அவர்தான் அலாய்ஸ் அல்ஸைமர். அவர் கதையைச் சொல்ல எனக்கு என்ன அவசியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1998-ம் வருஷம் நாங்கள் ஜாம்ஷெட்பூரில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே உத்தியோகம். நான் மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். என் மாமியாருக்கு அப்போது எழுபத்து நாலு வயது. சமையலறை அவருடைய ராஜ்யம். ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டார், பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார், ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் நாலு முறை கேட்டார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். பிறகு ஒரு நாள் அவருடைய வைரத்தோடு காணவில்லை. நான்தான் எடுத்து ஒளித்துவிட்டேன் என்றார். என் கணவரிடம் சொன்னார், பக்கத்து ஆத்து மாமியிடம் சொன்னார், நாக்பூரில் இருந்த என் நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொன்னார். நாலு மாதம் கழித்துத் தோடு துவரம்பருப்பு டப்பாவின் அடியில் கிடைத்தது. அதற்குள் பேச்சு உறவினர் வட்டம் முழுக்கப் பரவிவிட்டது. நாத்தனார் இரண்டு வருஷம் எங்கள் அகத்துக்கு வரவில்லை.

2003-ல் மாமியார் காலமானார். கடைசி வருஷங்களில் அவருக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் செய்தேன். செய்தேனே தவிர, மனதில் அந்தத் தோடு முள்ளாகவே இருந்தது. ஒரு தடவை நானும் பொறுக்க முடியாமல் அவரிடம் சத்தம் போட்டிருக்கிறேன். அவர் பயந்துபோய்ச் சுவரோரமாக ஒதுங்கி நின்றது இன்னமும் கண்ணில் இருக்கிறது.

போன வருஷம் எனக்கே மறதி ஆரம்பித்தது. புனேயில் மகனோடு இருக்கிறேன். தெரிந்தவர்களின் பெயர் வாயில் வராது. காஸை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். மாமியாருக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்ற பயத்தில்தான் இந்த வியாதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் வியாதியைவிட அதைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கைதான் என் மனதில் அதிகம் பதிந்தது.

அலாய்ஸ் அல்ஸைமர் 1864-ம் வருஷம் ஜூன் 14-ம் தேதி, ஜெர்மனியில் பவேரியா பகுதியில் மைன் நதிக்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் எட்வர்ட், அரசாங்க நோட்டரி. அவருடைய முதல் மனைவி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோக, அவள் தங்கை தெரேசியாவையே இரண்டாம் தாரமாக மணந்துகொண்டார். அந்தத் தம்பதியின் மூத்த பிள்ளைதான் அலாய்ஸ். படிப்புக்காகப் பெரிய ஊரான அஷாஃபன்பர்குக்குப் போனார். பிறகு பெர்லின், வூர்ஸ்பர்க், டூபிங்கன் பல்கலைக்கழகங்களில் வைத்தியம் படித்தார். 1887-ல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து மணிக்கணக்கில் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

ஆள் நல்ல உயரம், ஆஜானுபாகு. மாணவப் பருவத்தில் அந்தக் கால ஜெர்மானிய வழக்கப்படி கத்திச் சண்டை பழகி, முகத்தில் ஒரு தழும்பும் வாங்கிக்கொண்டார். கையில் எப்போதும் சுருட்டு. பிற்காலத்தில் மாணவர்களின் மேஜை மேஜையாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது சுருட்டை ஓரமாக வைத்துவிட்டு அதை மறந்தே போவாராம். சாயங்காலம் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுருட்டுத் துண்டு இருக்கும் என்று சொல்வார்கள். மறதி வியாதியைக் கண்டுபிடித்தவரின் மறதி இது!

1888 டிசம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து மனநல ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். மனநோயாளிகளைக் கட்டிப்போடுவதும் அடைத்துவைப்பதும் சகஜமாக இருந்த காலம் அது. அங்கே தலைமை டாக்டராக இருந்த எமில் சியோலி, கட்டுப்பாடுகளைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர். நோயாளிகளை வெளியே நடக்க விடுவது, வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் இருக்கவைத்து அமைதிப்படுத்துவது என்று அங்கே முறைகள் மாறின. அல்ஸைமர் அதில் முழு மனதோடு இறங்கினார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவதும், பேசியதை அப்படியே எழுதிவைப்பதும் அவர் வழக்கம்.

மறு வருஷம் ஃப்ரான்ஸ் நிஸ்ஸல் என்ற டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். மூளைச் செல்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர் இவர். இன்றும் அந்தச் சாயத்துக்கு அவர் பெயர்தான். இருவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார்கள், இரவில் மைக்ராஸ்கோப்போடு உட்காருவார்கள். மனம் கெட்டால் அதற்கு மூளையில் ஒரு அடையாளம் இருந்தே தீர வேண்டும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில் இருவருக்கும் உறுதி.

1890-களின் நடுவில் அல்ஸைமருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி செசிலி, ஒரு பணக்கார வைர வியாபாரியின் விதவை. ஒரு பையனும் இரண்டு பெண்களுமாக மூன்று குழந்தைகள். சந்தோஷமான குடும்பம்தான், ஆனால் நீடிக்கவில்லை. 1901 பிப்ரவரியில் செசிலி இறந்துபோனார். கடைசிப் பெண் கைக்குழந்தை. அல்ஸைமரின் தங்கை எலிசபெத் வந்து வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார். அவரோ துக்கத்தை வேலையில் கரைக்க முயன்றார். முன்பைவிட அதிகமாக வார்டிலேயே இருந்தார்.

அந்த வருஷம் நவம்பர் 25-ம் தேதி ஆகுஸ்டே என்ற பெண்மணியை அவளுடைய கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். அவளுக்கு வயது 51. கணவர் கார்ல், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. பல வருஷம் ஒரு குறையும் இல்லாமல் குடித்தனம் செய்தவள். முதலில் வந்தது மறதி அல்ல, சந்தேகம். தன் புருஷனுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தொடர்பு என்று திடீரென்று சொல்ல ஆரம்பித்தாள். பிறகு சமையலில் தப்பு, காரணமில்லாமல் வீட்டுக்குள் அலைவது, சாமான்களை எங்கேயாவது ஒளித்துவைப்பது.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். துவரம்பருப்பு டப்பா என் கண் முன்னால் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால், ஏழு கடல் தாண்டி, யாரோ ஒரு ரயில்வே குமாஸ்தா கேட்ட அதே பழியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன். அவரிடமும் தப்பில்லை, என்னிடமும் தப்பில்லை. அந்தப் பெண்ணிடமும் தப்பில்லை, என் மாமியாரிடமும் தப்பில்லை.

மறுநாள் அல்ஸைமர் ஆகுஸ்டேயின் கட்டிலருகே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பெயர் என்ன என்று கேட்டதற்கு ஆகுஸ்டே என்றாள். கணவர் பெயர் கேட்டதற்கும் அதையே சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டில் காலிஃப்ளவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் கீரை என்றாள். பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்பதற்கான சொல்லை எழுதிவிட்டு மிச்சத்தை மறந்து நின்றாள். தன்னையே தொலைத்துவிட்டதாக அவளே வருத்தத்தோடு சொன்னாள் என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். தனக்கு என்னவோ ஆகிறது என்பது அந்த ஜீவனுக்கே தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்து மனநல ஆஸ்பத்திரிகளில் புத்தி பேதலித்து வந்தவர்களில் பலருக்குக் காரணம் ஸிஃபிலிஸ் என்ற மேகநோய் மூளையைத் தாக்கியது. வயதானவர்களுக்கு ரத்தக் குழாய் தடித்துப்போவது இன்னொரு காரணம். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு வந்த இது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் அவளை விடாமல் கவனித்தார்.

1902-ல் அவர் ஃப்ராங்க்ஃபர்ட்டை விட்டு ஹைடல்பர்குக்குப் போனார். அங்கே இருந்த எமில் க்ரெபலின் அந்த நாளில் மனநல வைத்தியத்தில் பெரிய பெயர். 1903-ல் க்ரெபலின் மியூனிக்குக்கு மாறினபோது அல்ஸைமரும் கூடவே போனார். சம்பளத்துக்கு இடம் இல்லாதபோதும் மனைவி வைத்துவிட்டுப்போன சொத்தின் பலத்தில் சம்பளம் இல்லாமலே வேலை பார்த்தார். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தைத் தேடிப் பல தேசத்து இளைஞர்கள் வந்தார்கள். இத்தாலியிலிருந்து பெருசினி, அமெரிக்காவிலிருந்து கறுப்பினத்தைச் சேர்ந்த சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் என்று அந்த வரிசை நீளம். நிற பேதம் பாராட்டிய அந்தக் காலத்தில் ஃபுல்லருக்கு அவர் இடம் கொடுத்தது என் மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஊர் மாறியும் ஆகுஸ்டேயை அவர் மறக்கவில்லை. அவள் நிலை எப்படி என்று ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து தகவல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1906 ஏப்ரல் 8-ம் தேதி அவள் இறந்துபோனாள். பழைய தலைவர் சியோலி, அவளுடைய மூளையையும் மருத்துவக் குறிப்புகளையும் மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார்.

வெள்ளி உப்பு சேர்த்துச் சாயம் ஏற்றும் முறை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதில் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. மூளைச் செல்களுக்கு வெளியே, மேற்பரப்பு முழுவதும், ஏதோ ஒரு பொருள் தினைத் தினையாகப் படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே மெல்லிய நார்கள் சிக்குப் பிடித்த நூல்கண்டு போல முறுக்கிக்கொண்டிருந்தன. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு செல்கள் வரை இப்படிக் கெட்டுப்போயிருந்தன. படிவுகளை வேறு சிலர் முன்னமே பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்த சிக்கலை ஒரு நோயாளியின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னவர் இவர்தான்.

1906 நவம்பர் ஆரம்பத்தில் டூபிங்கனில் நடந்த டாக்டர்கள் மாநாட்டில் இதைப் படித்தார். ஐந்து வருஷம் ஒரு நோயாளியைத் தொடர்ந்து கண்ட விஷயம். பேசி முடித்தார், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அல்ஸைமர் மனம் தளரவில்லை. மறு வருஷம் கட்டுரையை அச்சில் போட்டார். பெருசினியை விட்டு இதே மாதிரியான இன்னும் சில நோயாளிகளை ஆராயச் சொன்னார். அதே காலத்தில் ப்ராக் நகரத்தில் ஆஸ்கர் ஃபிஷர் என்ற டாக்டரும் இந்தப் படிவுகளைப் பல மூளைகளில் கண்டு எழுதியிருக்கிறார். 1910-ல் க்ரெபலின் தன்னுடைய பாடப்புத்தகத்தின் எட்டாம் பதிப்பில் இதற்கு அல்ஸைமர் வியாதி என்று பெயர் சூட்டினார். பெயர் வைத்தவர் க்ரெபலின்தான், அல்ஸைமர் அல்ல.

1912-ல் ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்து நாட்டில் வ்ரோட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் ஊர் அது. வாழ்நாள் ஆசை நிறைவேறிய சமயம். ஆனால் அங்கே போகும் வழியில் ரயிலிலேயே உடம்புக்கு வந்துவிட்டது. இருதயம் பாதிக்கப்பட்டது. பிறகு பூரணமாகக் குணமாகவே இல்லை. அந்த உடம்போடு மூன்று வருஷம் வேலை பார்த்து, 1915 டிசம்பர் 19-ம் தேதி காலமானார். அவருக்கு அப்போது வயது 51. ஆகுஸ்டே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளுக்கு இருந்த அதே வயது. ஃப்ராங்க்ஃபர்ட் மயானத்தில் மனைவி செசிலியின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் காலத்தில் நடந்த இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கெமிஸ்ட்ரி டீச்சரான எனக்கு அதுதான் மிகவும் சுவாரஸ்யம். அவர் டூபிங்கனில் பேசிய அதே 1906-ல் பெர்லினில் வாஸர்மன் என்பவரும் சகாக்களும் ஸிஃபிலிஸுக்கு ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார்கள். அதுவரை புத்தி கெட்டுப்போன ஒருவருக்குக் காரணம் ஸிஃபிலிஸா என்பதை டாக்டர் ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். அல்ஸைமரே 1904-ல் இந்த வித்தியாசத்தை மைக்ராஸ்கோப்பில் எப்படிக் கண்டுகொள்வது என்று ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் எழுதியிருந்தார். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்க்க நோயாளி இறக்க வேண்டும். வாஸர்மன் பரிசோதனைக்கோ உயிரோடு இருப்பவரின் ரத்தமோ முதுகுத்தண்டு நீரோ போதும். புத்தியைக் கெடுக்கும் ஒரு வியாதிக்கு ரத்தத்தில் அடையாளம் கிடைத்தது. அல்ஸைமர் கண்ட வியாதிக்கு அப்படி ஒன்று வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அவருக்குப் பிறகு வெகு காலம் இந்தப் பெயரை அறுபத்தைந்து வயதுக்குள் வரும் மறதிக்கு மட்டுமே வைத்திருந்தார்கள். வயதானவர்களின் மறதி வயதின் கோளாறு என்று ஒதுக்கப்பட்டது. 1960-களில் இங்கிலாந்தில் வயதானவர்களின் மூளைகளை ஆராய்ந்து, அங்கேயும் இதே படிவுகளும் சிக்கல்களும்தான் என்று காட்டினார்கள். 1984-ல் அமெரிக்காவில் க்ளென்னர், வாங் என்ற இருவர், வெளியே படிவது பீட்டா அமிலாய்டு என்ற சின்னப் புரதத் துண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். அதில் நாற்பதைச் சுற்றித்தான் அமினோ அமிலங்கள். உள்ளே நூல்கண்டாக முறுக்கிக்கொள்வது டௌ என்ற புரதம் என்பதும் 1980-களிலேயே தெரிந்தது. ஆகுஸ்டேயின் மூளையில் அல்ஸைமர் கண்ட இரண்டுக்கும் எண்பது வருஷம் கழித்து ரசாயனப் பெயர் கிடைத்தது.

பெயர் தெரிந்ததும், உயிரோடு இருப்பவர்களிடம் அதை அளக்க முடியுமா என்று பார்த்தார்கள். முதலில் முதுகுத்தண்டு நீரில் முடிந்தது. ஒரு வேடிக்கை, இந்த வியாதி இருப்பவர்களுக்கு அந்த நீரில் அமிலாய்டு குறைவாக இருக்கும். மூளையிலேயே படிந்து தங்கிவிடுவதால் வெளியே வருவது குறைகிறது. டௌ மட்டும் அதிகமாக இருக்கும். பிறகு ஸ்கேனில் படிவுகளைப் படமாகப் பார்க்க வழி வந்தது. ரத்தத்தில் இவை மிக மிகச் சொற்பம், ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்க வேண்டும். அதையும் சாதித்தார்கள். பாஸ்பேட் ஒட்டிய ஒரு வகை டௌவையும் அமிலாய்டையும் ஒப்பிடும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், மறதியின் அறிகுறி இருப்பவர்களுக்கு, ஸ்பெஷலிஸ்ட் டாக்டரின் முடிவுக்குத் துணையாக மட்டும். ஆரோக்கியமாக இருப்பவர்கள் ஜோசியம் பார்ப்பதுபோல் போய்ப் பார்த்துக்கொள்வதற்கு அல்ல.

வியாதியைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. அமிலாய்டைக் கரைக்கும் லெகனிமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆரம்ப நிலையில் கொடுத்தால் வியாதியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு போன்ற ஆபத்துகளும் உண்டு.

நம் தேசத்தில் 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இப்படிப் புத்தி மங்கும் நிலை இருக்கிறது. எல்லாமே அல்ஸைமர் அல்ல. சிலருக்குக் காரணம் மிகச் சாதாரணமானது. அதை ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். கடிகாரம் வரையச் சொன்னார், மூன்று வார்த்தைகள் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளில் புதிதாக ஒன்றுமே இல்லை. வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம். எனக்கு பி12 மிகவும் குறைந்திருந்தது.

நம்மைப் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பி12 என்பது நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டாக்கும் சத்து. காய்கறி, பருப்பு, தானியம் எதிலும் கிடையாது. நமக்குப் பாலும் தயிரும்தான் கதி. வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைந்து, சாப்பிடுவதிலிருந்து அதை உறிஞ்சுவதும் குறைகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், அசிடிட்டிக்கு வருஷக்கணக்கில் மாத்திரை போடுபவர்களுக்கும் இன்னும் குறையும். குறைந்தால் கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதியும் வரும். சந்தேகமாக இருந்தால் ஹோமோசிஸ்டின், மெத்தில் மலோனிக் அமிலம் என்ற இரண்டையும் அளப்பார்கள். பி12 இல்லாவிட்டால் இவை ரத்தத்தில் தேங்கிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலும் மாத்திரையிலும் சரியாகக்கூடியது. விட்டுவிட்டால் நரம்புக்கு நிரந்தரச் சேதம். தைராய்டு குறைவதும், மனச்சோர்வும் இப்படித்தான் மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

ஊசி போட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. தலை தெளிவாக இருக்கிறது. பெயர்கள் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டன. மிச்சம் வயசின் கணக்கா, வேறு ஏதாவதா என்பதை வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டில் உட்கார்ந்து பயப்படவில்லை.

என் மாமியாருக்கு ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. 1998-ல் பி12-ஐ அளப்பது அப்படியொன்றும் முடியாத காரியமல்ல. எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வந்தது அல்ஸைமரா, வேறா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. வயசு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜெர்மன் டாக்டர் சாத்தவில்லை. புத்தி பேதலித்தவள் என்று ஊர் ஒதுக்கிய பெண்ணிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். அந்தக் கேஸ் கட்டு வெகு காலம் காணாமல் போயிருந்து, 1995-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் திரும்பக் கிடைத்தது. அதனால்தான் ஆகுஸ்டே அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்பது வரை இன்று நமக்குத் தெரிகிறது.

போன மாதம் நாக்பூரிலிருந்து நாத்தனார் போன் செய்தார். அவருக்கு எண்பது நெருங்குகிறது. அடிக்கடி பேசுவதில்லை நாங்கள். சாமான்களை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகிறது, போன வாரம் வேலைக்காரியைச் சந்தேகப்பட்டுவிட்டேன், பிறகு பர்ஸ் தலையணைக்கு அடியிலேயே இருந்தது, பயமாக இருக்கிறது என்றார். அந்தப் பழைய தோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பி12-ம் தைராய்டும் முதலில் பார்க்கச் சொன்னேன். காகிதத்தில் எழுதிக்கொள்வதாகச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மகனோடு நரம்பியல் டாக்டரிடம் போகிறார். ரிசல்ட் வந்ததும் முதலில் எனக்குத்தான் சொல்வாராம்.

அங்கத்தினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஆத்தில் பெரியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், இல்லாத பழியை யார் மேலாவது போட்டால், கோபப்படுவதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தாங்களாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். செப்டம்பர் 21-ம் தேதியை உலக அல்ஸைமர் தினமாக அனுசரிக்கிறார்கள். அன்றைக்காவது அகத்தில் இருக்கும் பெரியவர்கள் பக்கத்தில் ஒரு அரை மணி உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.